மழுக்கிவிட்ட சத்தம்

ஜனவரி

நேற்றிரவு முழுக்கப் பனி கொட்டியிருக்கிறது. காலையில் கதவைத் திறந்ததும் காதில் யாரோ பஞ்சு வைத்துவிட்டது போல இருந்தது. ஷாக் பிசார் பாலத்தை நோக்கிப் போகும் கார்கள் வழமையாகச் சீறிக்கொண்டு போகும். இன்று சீறலைக் காணவில்லை. அடியிலிருந்து வரும் மெல்லிய உறுமல் மட்டும் கேட்டது. புதுப்பனிக்குள் பெரும்பகுதி காற்றுத்தான். அந்தச் சின்னஞ்சிறு இடைவெளிகளுக்குள் கூரான ஒலிகள் போய் அடங்கிவிடுகின்றன. தடித்த ஒலிகள் தப்பி வருகின்றன.

இல்-பிசார், மொன்றியலின் வடமேற்கு மூலையில் ஆற்றுக்கும் ஏரிக்கும் நடுவே கிடக்கும் சிறிய தீவு. 1678இல் ஆளுநர் ஃப்ரோந்தெனாக் இதை ஷாக் பிசார் என்ற சுவிஸ்காரருக்கு எழுதிக் கொடுத்தார். கோடையில் லாவால் கரைக்குக் கம்பிவடத்தில் இழுபடும் ஒரு சிறு படகு ஓடும். பனிக்காலத்தில் அதுவும் நின்றுவிட, தீவு இன்னும் அமைதியாகிவிடுகிறது.

✻

இரவு. மேலே மகள் தூங்குகிறாள். நிலவறையில் ஆம்ப்பை மிகக் குறைத்து வைத்துக் கிற்றாரை எடுத்தேன். சத்தத்தை எவ்வளவு குறைத்தாலும் பிளெக்ட்ரம் தந்தியைத் தொடும் அந்த ‘டிக்’ படியேறிப் போய்விடும். டோன் குமிழைப் பத்திலிருந்து மூன்றுக்குத் திருப்பினேன். ‘டிக்’ போய்விட்டது. சுரம் இருந்தது.

பல கிற்றார்க்காரர்கள் வாங்கிய நாளிலிருந்து இந்தக் குமிழைத் தொடுவதேயில்லை. அது பத்திலேயே கிடக்கும். நானும் பல வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன். பத்து என்றால் ஏதோ நிறையத் தருகிறது என்ற நினைப்பு. உள்ளே திறந்து பார்த்தால் ஒரு மாறுந்தடை, அதன் காலில் ஒரு கொள்ளளவி, அவ்வளவுதான். தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் ஒற்றைச் சுருளென்றால் தடை பெரும்பாலும் 250,000 ஓம். இரட்டைச் சுருளென்றால் 500,000. கொள்ளளவி 0.022 அல்லது 0.047 மைக்ரோபரட். பற்றரி கிடையாது. ஆகவே அதனால் எதையும் சேர்க்க முடியாது. குமிழைக் குறைக்கக் குறைக்க உயர்ந்த மீடிறன்கள் கொள்ளளவி வழியாகப் புவித்தொடுப்புக்குப் போய்விடுகின்றன. பத்தில் வைத்தாலும் துளி போகத்தான் செய்யும்.

போவது என்ன? 22ஆவது மெட்டில், மிக மெல்லிய தந்தியில் பிறக்கும் சுரம் ஏறத்தாழ 1,175 ஹேர்ட்ஸ். அதற்கு மேலே நாம் கேட்பதெல்லாம் மேற்றொனிகளும், விரலும் உலோகமும் உரசும் சத்தங்களும்தான். குமிழ் முக்கியமாக அவற்றோடுதான் பேசுகிறது.

மீடிறன், மேற்றொனி, புவித்தொடுப்பு. யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பௌதிகம் படித்தபோது வந்த சொற்கள். இங்கே கிற்றார் திருத்தும் மேசையில் எல்லாவற்றுக்கும் வேறு பெயர்கள். சால்டரிங் இரும்பைக் கையில் பிடித்ததும் எனக்குப் பழைய பெயர்கள்தான் வருகின்றன.

✻

அப்பாவின் ரேடியோவிலும் ஒரு டோன் குமிழ் இருந்தது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். நான் சுற்றுவேன், அப்பா காது கொடுப்பார். என் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும்.

“தம்பி, விடாமச் சுத்து. இரு, உந்தச் சத்தத்தைக் கொஞ்சம் மழுக்கிவிடுறன்.”

அவர் மழுக்கியது கரகரப்பை. அலைவரிசையின் இரைச்சலில் கூரானவை போய், குரலின் நடுப்பகுதி மட்டும் மிஞ்சும். சொற்கள் கொஞ்சம் தெளிவிழக்கும். ஆனால் இருட்டில் கிட்ட வந்து உட்கார்ந்தவர் பேசுவது போல இருக்கும்.

✻

பெப்ரவரி

நீலாம்பரி ராகத்தை மெல்ல வாசித்துப் பார்த்தேன். கர்நாடக இசையை மின்கிற்றாரில் எண்பதுகளிலேயே மதராஸ் மேடையில் வாசித்துக் காட்டியவர் சுகுமார் பிரசாத். பிறகு ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு வந்த ஆர். பிரசன்னா அதை உலகெங்கும் எடுத்துச் சென்றார். கமகத்துக்காக விரலைத் தந்தியில் வழுக்கி ஓட்டும்போது, கம்பி சுற்றிய தடித்த தந்திகள் கிறீச்சிடும். குமிழை நாலுக்கு இறக்கினால் கிறீச்சு அடங்கி, வளைவு மட்டும் நிற்கிறது. இது நான் என் கையால் கண்டது.

தம்புராவில் நாம் செய்வது இதற்கு நேர்மாறு. பாலத்தில் தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி நகர்த்தி, மேற்றொனிகள் மலரும் இடத்தைத் தேடுகிறோம். அந்த நூலுக்குப் பெயரே ஜீவா. நூல் இடம் மாறினால் தந்தி சும்மா ‘டொய்ங்’ என்று விழும். மேற்றொனியை உயிர் என்று அழைத்த மரபில் வந்தவன், அதை ஒவ்வொரு இரவும் மண்ணுக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இதை நினைத்துச் சற்று நேரம் வாசிக்காமல் இருந்தேன்.

வெஸ் மொன்ட்கொமெரி இண்டியானாபொலிஸில் பகலில் தொழிற்சாலை வேலை பார்த்து, மிஞ்சிய நேரத்தில் பழகியவர். அயலவருக்குத் தொந்தரவாகக் கூடாதென்று பிளெக்ட்ரத்தைக் கீழே வைத்துக் கட்டைவிரல் சதையால் தட்டத் தொடங்கினார் என்று சொல்வார்கள். அந்த வட்டமான, கதகதப்பான சத்தம் பிறகு அவருடைய முகவரியாயிற்று. குமிழுக்கு முன்னமே விரலில் ஒரு குமிழ்! ரோய் புகானன் இன்னொரு வழி பிடித்தார்: டெலிகாஸ்டரில் தந்தியைத் தட்டிவிட்டு, அதே கையின் சுண்டுவிரலால் டோன் குமிழைச் சுழற்றுவார். சுரம் வாய் திறந்து மூடி அழும். 1954இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரிலோ, பாலத்தருகே இருந்த பிக்கப்புக்கு டோன் குமிழே கொடுக்கவில்லை. மிகக் கூரான பிக்கப் அது. அதை மழுக்க ஒருவருக்கும் தோன்றாது என்று நினைத்தார்களோ.

✻

பாலம் தாண்டி டொலார்-தே-ஓர்மோவில் திருமுருகன் கோயில். உள்ளே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருக்க, பிந்திப்போன நான் கார் நிறுத்துமிடத்திலிருந்து ஓடினேன். மூடிய கதவுகளுக்கு வெளியே தவிலின் தொப்பி மட்டும் கேட்டது. கதவைத் திறந்ததும் சீவாளியின் அத்தனை ஒளியும் முகத்தில் வந்து அடித்தது. உள்ளே இருந்தவர்களுக்கு அது பழகிப்போயிருக்கும். பத்தின் அருமை, பூச்சியத்திலிருந்து வருபவனுக்குத்தான் முழுதாகக் கிடைக்கிறது போலும்.

✻

2017 மே மாதம் ஆறு பெருகி வந்தபோது எங்கள் நிலவறையிலும் தண்ணீர். மொன்றியல் அவசரகாலம் அறிவித்தது, தீவின் தெருக்களில் இராணுவம் மண்மூட்டை அடுக்கியது. (சீருடைகளைக் கண்டதும் என் கால் தானாகப் பின்வாங்கியது. அவர்கள் உதவ வந்தவர்கள் என்பதை மனம் பிறகுதான் ஒப்புக்கொண்டது.) கிற்றார் மேல்தட்டில் இருந்ததால் நனையவில்லை. ஈரம் மட்டும் உள்ளே புகுந்தது. அதற்குப் பிறகு டோன் குமிழைத் திருப்பினால் கரகரக்கும்.

மருந்து எளிது. பின்தகட்டைக் கழற்றி, மாறுந்தடையின் இடுக்கில் தொடுப்பு துப்புரவாக்கும் ஸ்பிரேயை ஒரு சொட்டு அடித்து, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருபது முப்பது முறை சுழற்ற வேண்டும். இத்தனை வருடம் கழித்து இன்றுதான் செய்தேன். அப்படிச் சுழற்றியபோதுதான் பூச்சியத்தில் வந்து நின்றேன். அதுவரை ஒருபோதும் கடைசிவரை போனதில்லை.

மூன்றிலும் இரண்டிலும் இருந்த மங்கல் அங்கே இல்லை. தாழ்வில் ஏதோ ஒன்று திரண்டு நின்றது, மூடிய வாய்க்குள் முனகுவது போல.

காரணம் உண்டு. சுருளும் கொள்ளளவியும் சேர்ந்தால் ஏதோ ஒரு மீடிறனில் ஒன்றுக்கொன்று இசைந்து அதிரும். குமிழ் பத்தில் இருக்கையில் பிக்கப்பின் சுருளும் கேபிளின் சிறு கொள்ளளவமும் சேர்ந்து சில ஆயிரம் ஹேர்ட்ஸில் ஒரு மேட்டை எழுப்புகின்றன. கிற்றாரின் மினுக்கம் அதுதான். குறைக்கக் குறைக்க மேடு கரைந்து தட்டையாகும். பூச்சியத்தில் நடுவே நின்ற தடை முழுதும் விலக, சுருளும் குமிழின் கொள்ளளவியும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. 500 ஹேர்ட்ஸுக்கு அண்மையில் புதிய மேடு ஒன்று எழுகிறது. எரிக் கிளாப்டன் அறுபதுகளின் கடைசியில் ‘வுமன் டோன்’ என்று பெயர் பெற்ற ஒலியை இங்கிருந்துதான் எடுத்தார். குமிழை மூடிவிட்டு ஆம்ப்பை முழுதாகத் திறந்தார். ஆம்ப் திணறும்போது புதிய மேற்றொனிகள் பிறந்தன. 1968இல் க்ரீம் குழுவின் விடைபெறும் கச்சேரியைப் படமாக்கியபோது அதை அவரே வாசித்து விளக்கியிருக்கிறார்.

இப்படி இசைந்து அதிர்வதற்கு எங்கள் பௌதிகப் புத்தகத்தில் இருந்த சொல் ‘பரிவு’. பரிவுக் குழாய், பரிவு மீடிறன் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். வீட்டில் அம்மா அந்தச் சொல்லை வேறு பொருளில் சொல்வாள். இரண்டும் ஒரே சொல் என்று அப்போது ஒருநாளும் உறைக்கவில்லை.

பூச்சியத்திலேயே நீலாம்பரியை மறுபடி வாசித்தேன்.

✻

ஏப்ரல்

பனி உருகி, பாலத்துப் பக்கமிருந்து சீறல் திரும்பிவிட்டது. மகளோடு இல்-பிசார் காட்டுப் பூங்காவுக்குப் போனேன். சதுப்புக்கு மேலாகப் போகும் மரப்பாதையில் அவள் திடீரென நின்றாள்.

“அப்பா, கேக்குதா?”

தலையில் மஞ்சள் கோடு போட்ட குட்டிக் குருவி. ஆறு கிராம்தான் இருக்கும். அதன் குரல் மிக உயர்ந்தது, வயதேறும் காதிலிருந்து முதலில் விலகும் குரல்களில் ஒன்று. கிளையில் அது அலகைத் திறந்து மூடுவது தெரிந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“எப்பிடிக் கேக்குது, சொல்லு.”

அவள் உதட்டைக் குவித்து, ஊசி நூல் கோப்பது போல மெல்லியதாகச் செய்து காட்டினாள். அது எனக்குக் கேட்டது. காலடியில் பலகைகள் ஈரத்தில் முனகின.