பெயர் தெரியாத பாட்டனுக்கு எள்ளும் நீரும்

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சட்டென்று சொல்ல முடிகிறதா? நம்மில் பலருக்கு மூன்றாம் தலைமுறையிலேயே நூல் அறுந்துவிடுகிறது. குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்குப் பெரும்பாலும் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, அவ்வளவுதான். நம் பிள்ளையின் பெயருக்கு முன்னால் அந்த எழுத்தும் இருக்காது!

நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இந்தக் கேள்வி வலிக்கவே செய்யும். 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா சம்மதித்தது. அப்படித் திரும்பியவர்களின் மறுவாழ்வுக்காக 1968 முதல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. அவர்களின் முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னால் கடல் கடந்தவர்கள். ஒரு காலத்தில் அவர்களுக்குத் தரப்பட்ட அடையாளம், தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை. சொந்த ஊருக்கும் குலத்துக்கும் அதில் இடமில்லை. தலைமுறைகள் கழித்துத் திரும்பிய பேரன், எந்த ஊர் எல்லையில் போய்ப் பொங்கல் வைப்பான்?

'குலதெய்வம் தெரியாதது தோஷமா?' என்று கேட்பவர்கள் உண்டு. பயத்தில், யாரோ கைகாட்டிய ஊரைத் தன் ஊராகவும், அங்குள்ள சாமியைத் தன் குலசாமியாகவும் வரித்துக்கொள்பவர்களும் உண்டு. மனநிம்மதி கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கலாம். ஆனால், பித்ரு கடன் என்பது உண்மையாக வாழ்ந்து, உழைத்து, மறைந்த ஒரு மனிதருக்கு நாம் பட்ட கடன். அவருக்கு இல்லாத ஊரை ஒட்டிவைத்தால், வில்லை அழித்ததை நாமும் ஒருமுறை அழிக்கிறோம். அந்த அம்மனை வணங்குவதில் தவறில்லை; 'இதுதான் எங்கள் பூர்வீகம்' என்று சாதிப்பதுதான் தவறு.

சாஸ்திரம் நம்மைவிடக் கருணையுள்ளது. முன்னோரின் பெயர் தெரியாவிட்டால் தந்தையை ப்ருதிவீஷத், பாட்டனாரை அந்தரிக்ஷஸத், முப்பாட்டனாரை திவிஷத் என்று சொல்லிக் கொடுக்கச் சொல்கிறது. மண்ணில் இருப்பவர், நடுவெளியில் இருப்பவர், விண்ணில் இருப்பவர் என்று பொருள். கோத்திரம் தெரியாதவருக்கு காஸ்யப கோத்திரம். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டச் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

இதே மலையில் இன்னொன்றையும் பாருங்கள். படுகர் மக்கள் கொண்டாடும் தெய்வம் ஹெத்தை அம்மன். 'ஹெத்தை' என்றால் அவர்கள் மொழியில் பாட்டி! கோத்தகிரி அருகே பேரகணியில் திருவிழா நடக்கும்போது, வெள்ளை உடுத்தி ஊர் ஊராகத் திரண்டு வந்து வணங்குவது ஒரு மூதாட்டியைத்தான். 'படுகர்' என்பதற்கே வடக்கிலிருந்து வந்தவர் என்று பொருள். வந்த திசையே இனத்துக்குப் பெயராகிவிட்டது. அவர்களில் பலருடைய பெயருக்கு முன்னால் ஊரும் உண்டு. சட்டசபை உறுப்பினராக இருந்த எச்.பி. ஆரி கவுடரின் பெயரில் 'எச்' என்பது ஹுப்பதலை, 'பி' என்பது தந்தை பெள்ளி.

ஊரைத் தொலைத்தவர்கள் தேடுவதை விட வேண்டாம். பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, இலங்கைத் தோட்டத்தில் பதிந்த பிறப்புச் சான்று ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். தோட்டத்து மாரியம்மனுக்கு எங்கிருந்து பிடிமண் வந்தது என்று லயத்துப் பெரியவர்களிடம் கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள். கிடைக்கும்வரை ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் 'எங்கள் பாட்டன், பாட்டி' என்று சொல்லியே எள்ளும் நீரும் விடலாம். தர்ப்பணத்தின் முடிவில், தனக்கென்று எவரும் இல்லாத ஆத்மாக்களுக்கும் ஒரு கை நீர் உண்டு. அதையும் மறக்காமல் விடுங்கள்.