மோதிரத்துக்கு முன்பு

அசோகவனத்தில் சிம்சுபா மரத்தின் கிளைகளுக்கிடையே மறைந்து அமர்ந்திருக்கிறார் ஆஞ்சநேயர். மரத்தடியில் துயரமே உருவாக அன்னை சீதை. ஆஞ்சநேயரின் கையில் ஸ்ரீராமரின் பெயர் பொறித்த மோதிரம் இருக்கிறது. செய்தியைச் சேர்ப்பது மட்டுமே அவருடைய பணியாக இருந்திருந்தால், அந்த மோதிரத்தை அன்னையின் முன் போட்டுவிட்டு ஒரே தாவலில் கடலைக் கடந்திருக்கலாம். செய்தியும் சேர்ந்திருக்கும். ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை.

எந்த மொழியில் பேசுவது என்று முதலில் சிந்திக்கிறார். கற்றறிந்த அந்தணனைப் போல் ஸம்ஸ்கிருதத்தில் பேசினால், அன்னை தன்னை ராவணன் என்று எண்ணி அஞ்சக்கூடும். ஆகவே சாதாரண மனிதர்கள் பேசும் மொழியே ஏற்றது என்று முடிவு செய்கிறார். மரத்தில் இருந்தபடியே, அன்னையின் செவியில் விழுமாறு ராமகதையை இனிமையாகச் சொல்கிறார். பிறகு இறங்கி வந்து வணங்குகிறார். அவர் நெருங்க நெருங்க அன்னையின் ஐயம் வளர்கிறது. அதைக் கண்டு மீண்டும் வணங்கி, பணிவோடு பேசுகிறார். ஸ்ரீராமரின் அங்க அடையாளங்களைக் கூறும்படி அன்னை கேட்க, ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். அன்னைக்கு நம்பிக்கை பிறந்த பின்னரே மோதிரத்தைத் தருகிறார். சுந்தரகாண்டத்தில் வால்மீகி முனிவர் காட்டும் வரிசை இது.

மோதிரம் என்பது செய்தி. மோதிரத்துக்கு முன்பு நடந்தவை அனைத்தும் உறவு. இன்றைய இளைஞர்கள் நொடிக்கு நொடி மோதிரங்களை அனுப்புகிறார்கள், பெறுகிறார்கள். ஆனால் மோதிரத்துக்கு முன்பு நிகழ வேண்டியதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்குப் போதுமான அளவு கிடைக்கிறதா? இதை நாம் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

கருவியின் மீது குற்றமா?

1992 டிசம்பர் 3-ஆம் நாள் இங்கிலாந்தில் ஓர் இளம் பொறியாளர் கணினியிலிருந்து ஒரு கைபேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தை அனுப்பினார். அதுவே உலகின் முதல் குறுஞ்செய்தி. நம் நாட்டில் 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு முதல் கைபேசி அழைப்பு சென்றது. 2013 ஜூலையில் நம் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. ஒரு தலைமுறைக் காலத்திற்குள் செய்தியின் பாதை முழுவதும் மாறிவிட்டது.

இந்த மாற்றத்தால் விளைந்த நன்மைகளை மறுப்பது நியாயமாகாது. செவித்திறன் அற்றவர்களுக்குக் குறுஞ்செய்தி பெரும் வரமாக அமைந்தது. அயல்நாட்டில் உழைக்கும் மகனின் முகத்தைக் கிராமத்திலிருக்கும் தாய் நாள்தோறும் காண முடிகிறது. கூச்ச சுபாவம் உள்ள ஒரு மாணவன் வகுப்பில் கேட்கத் தயங்கும் சந்தேகத்தை ஆசிரியருக்கு எழுதிக் கேட்கிறான். கத்தி காய் நறுக்கவும் பயன்படும், கையையும் வெட்டும். அதற்காகக் கத்தியைப் பழிப்பதில் பொருளில்லை. நாம் ஆராய வேண்டியது கருவியை அன்று. அதைப் பற்றியிருக்கும் மனத்தை.

அழித்து எழுதும் வசதி

கைபேசி ஒலிக்கிறது. எதிர்முனையில் நன்கு அறிந்த நண்பர்தான். ஆயினும் எடுக்காமல், ஒலி ஓயும்வரை காத்திருந்து, பிறகு 'என்ன விஷயம்?' என்று எழுதி அனுப்பும் இளைஞர்கள் பலரை இன்று காண்கிறோம். இது சோம்பலன்று, அகந்தையும் அன்று. பெரும்பாலும் இதன் அடியில் இருப்பது அச்சம்.

எழுதும்போது ஒரு வாக்கியத்தை நான்கு முறை அழித்துத் திருத்தலாம். பதிலுக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். நாம் எப்படித் தோன்ற விரும்புகிறோமோ அப்படிப்பட்ட ஒரு பிம்பத்தை மட்டும் வெளியே அனுப்பலாம். நேரில் பேசும்போது இந்த வசதி இல்லை. குரல் தடுமாறும், கண் கலங்கும், சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாது. நம்மைப் பற்றி நாமே தீட்டிய சித்திரத்தைப் பாதுகாக்க முயல்வது அகங்காரத்தின் இயல்பு என்று வேதாந்தம் கூறுகிறது. நேருக்கு நேர் உரையாடும்போது அந்தச் சித்திரம் கலைந்துவிடுகிறது. அதனால்தான் அது அச்சம் தருகிறது. அதனாலேயே அது நம்மைப் பக்குவப்படுத்தவும் செய்கிறது.

எதிரே இருப்பவரின் முகத்தைப் படிக்கும் ஆற்றலும் அந்தப் பழக்கத்தில்தான் வளர்கிறது. திருவள்ளுவர் 'குறிப்பறிதல்' என்னும் ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்களை அமைத்திருக்கிறார். ஒன்று பொருட்பாலில், மற்றொன்று காமத்துப்பாலில். அரசவைக்கும் அது வேண்டும், அன்புக்கும் அது வேண்டும் என்பது அவர் கருத்து. கிஷ்கிந்தையில் ஆஞ்சநேயரை முதன்முதலாகச் சந்தித்த ஸ்ரீராமர், அவருடைய பேச்சில் இருந்த தெளிவையும் அளவையும் மட்டும் கவனிக்கவில்லை. பேசும்போது அவருடைய முகத்திலோ, கண்களிலோ, நெற்றியிலோ, புருவத்திலோ எந்தக் குறையும் தோன்றவில்லை என்பதையும் லக்ஷ்மணரிடம் வியந்து கூறுகிறார். சொல்லோடு முகத்தையும் சேர்த்தே அவர் கேட்டார்.

துக்கம் விசாரித்தல்

இளைஞர் முகாம் ஒன்றில் பொறியியல் மாணவர் ஒருவர் தனியே வந்து பேசினார். அவருடைய நெருங்கிய நண்பரின் தாயார் காலமாகி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. நண்பரின் வீடு இரண்டு பேருந்து நிறுத்தங்களுக்கு அப்பால்தான். செய்தி கிடைத்தவுடன் இவர் அனுதாபம் தெரிவித்து ஒரு வரியும், கைகூப்பும் சின்னமும் அனுப்பினார். நண்பரும் பதிலுக்குக் கைகூப்பும் சின்னத்தை அனுப்பினார். அதன்பின் இருவரும் கிரிக்கெட் பற்றியும் தேர்வு பற்றியும் எழுதிக்கொண்டதுண்டு. அம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "என்ன பேசுவது என்று தெரியவில்லை, சுவாமிஜி. இப்போது அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது" என்றார்.

அவருக்கு அன்பு இல்லையா? நிறைய இருந்தது. என்ன பேசுவது என்று தெரிந்த பிறகுதான் போக வேண்டும் என்று அவர் எண்ணியதுதான் இடர்ப்பாடு. நம் முன்னோர் அப்படி எண்ணவில்லை. துக்க வீட்டுக்குச் செல்பவர்கள் போய் அமர்வார்கள். சிறிது நேரம் மௌனமாக இருப்பார்கள். அழுபவரின் கையைப் பற்றிக்கொள்வார்கள். 'போய்வருகிறேன்' என்று சொல்லாமலே எழுந்து வருவார்கள். 'துக்கம் விசாரித்தல்' என்று அதற்குப் பெயர் இருந்தாலும் அங்கே விசாரணை மிகக் குறைவு, உடனிருத்தலே அதிகம். சொல் தீர்ந்துபோகும் இடத்திலும் மனிதன் மனிதனுக்குப் பயன்பட முடியும் என்பதை அந்த வழக்கம் சொல்லாமல் கற்பித்தது.

அந்த மாணவரிடம் இதை மட்டும் கூறினேன். முகாம் முடிந்து சில நாட்களில் நண்பரின் வீட்டுக்குச் சென்றுவந்ததாகத் தெரிவித்தார், குறுஞ்செய்தியில்தான்! நண்பர் அவரைத் தாயாரின் படத்துக்கு முன் அழைத்துச் சென்றாராம். இருவரும் வெகுநேரம் பேசாமல் நின்றார்களாம்.

இழந்ததா, பழகாததா?

இளைய தலைமுறை பேசும் திறனையே இழந்துவிட்டது என்று பெரியவர்கள் சிலர் தீர்ப்பளிக்கிறார்கள். அவ்வளவு அவசரம் தேவையில்லை. 1998-இலும் 2010-இலும் மழலையர் பள்ளியில் சேர்ந்த அமெரிக்கக் குழந்தைகளைப் பற்றி அவர்களுடைய ஆசிரியர்கள் அளித்த மதிப்பீடுகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. பழகும் திறனில் பொதுவான சரிவு எதுவும் அதில் தென்படவில்லை. இணைய விளையாட்டுகளிலும் சமூக வலைத்தளங்களிலும் நாளொன்றுக்குப் பலமுறை ஈடுபட்டவர்களிடம் மட்டும் சிறிது குறைவு காணப்பட்டது.

2014-இல் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். ஆறாம் வகுப்பு மாணவர்கள் ஐம்பது பேர் அளவில், தொலைக்காட்சியோ கைபேசியோ கணினியோ இல்லாத இயற்கை முகாமில் ஐந்து நாட்கள் தங்கினர். திரும்பியபோது, முகங்களிலிருந்து உணர்ச்சிகளைக் கண்டறியும் திறனில், முகாமுக்குச் செல்லாத மாணவர்களைவிட அவர்கள் அதிக முன்னேற்றம் அடைந்திருந்தனர். சிறிய ஆய்வுதான், அதன்மீது பெரிய கோட்டை எதையும் கட்ட வேண்டாம். ஆனால் ஐந்தே நாட்களில் துளிர்க்கக்கூடிய ஒன்று வேரோடு அழிந்திருக்க முடியாது என்று நம்புவதற்கு அது இடம் தருகிறது. தேவைப்படுவது அப்யாஸம், அதாவது இடைவிடாத பழக்கம்.

அந்தப் பழக்கம் தொடங்கும் இடம் வீடு. 1970-களில் எட்வர்ட் டிரானிக் என்னும் உளவியலறிஞர் ஒரு சோதனை செய்தார். குழந்தையோடு கொஞ்சிப் பேசிக்கொண்டிருந்த தாய் திடீரென்று எந்தச் சலனமும் இல்லாத முகத்தோடு இருக்க வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். அவளைத் தன்பால் ஈர்க்க முயலும். பலன் இல்லையென்றால் கலங்கி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சில நிமிடங்களுக்கே இப்படியென்றால், கைபேசித் திரையில் உறைந்த பெற்றோரின் முகத்தை அன்றாடம் காணும் குழந்தை எதைக் கற்கும்? 'போனைக் கீழே வை' என்று மகனை அதட்டுவதற்கு முன்பு, தந்தை தன் கையிலிருப்பதைக் கீழே வைக்க வேண்டும்.

வாக்கினால் செய்யும் தவம்

பகவத்கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் பகவான் வாக்கினால் செய்யும் தவத்தைப் பற்றிக் கூறுகிறார். பிறர் மனத்தைக் கலக்காததும், உண்மையானதும், இனியதும், நன்மை தருவதுமான சொல்லே அத்தவம். இந்த நான்கையும் ஒருங்கே கடைப்பிடிப்பது எளிதன்று. நம் சொல் எதிரே இருப்பவரைக் கலக்குகிறதா என்பதை அவருடைய முகமே உடனுக்குடன் நமக்கு உணர்த்துகிறது. திரைக்குப் பின்னால் கூசாமல் வீசப்படும் கடுஞ்சொல், கலங்கும் கண்களைப் பார்த்தால் பாதியில் நின்றுவிடும். முகம் நமக்குக் குருவாகிறது.

'உபநிஷதம்' என்ற சொல்லுக்கே அருகில் அமர்தல் என்னும் பொருள் உண்டு. மிக உயர்ந்த ஞானமும் அருகே அமர்ந்து கேட்டுப் பெறப்பட்டதே. சிரவணம், அதாவது கேட்டல், சாதனையின் முதல் படி. பக்கத்தில் இருப்பவர் சொல்வதைப் பத்து நிமிடம் சிதறாமல் கேட்க முடியாத மனம், தியானத்தில் எப்படி நிலைக்கும்?

இளைஞர்களே, கைபேசியைத் துறக்கும்படி உங்களிடம் யாரும் கேட்கவில்லை. சில எளிய விரதங்களை மட்டும் ஏற்றுப் பாருங்கள். நாளுக்கு ஒருவேளை உணவைக் கைபேசி இல்லாமல், வீட்டாரின் முகம் பார்த்து உண்ணுங்கள். நன்றி, மன்னிப்பு, அனுதாபம் ஆகிய மூன்றையும் இயன்றவரை நேரில் தெரிவியுங்கள். நேரில் இயலாவிட்டால் உங்கள் குரலாவது செல்லட்டும். ஒருவர் பேசும்போது பதிலைத் தயாரிக்காமல் முழுவதும் கேளுங்கள். நாக்குத் தடுமாறினால் தடுமாறட்டும். தடுமாறியபடியே சொல்லப்பட்ட அன்பை எவரும் குறை கூறியதில்லை.

இலங்கையிலிருந்து திரும்பி வந்து அன்னையைக் கண்ட நற்செய்தியைக் கூறிய ஆஞ்சநேயருக்கு, ஸ்ரீராமர் என்ன பரிசளித்தார்? இப்போது தம்மிடம் இருப்பது இது ஒன்றே என்று கூறி, அவரை மார்புறத் தழுவிக்கொண்டார். மோதிரத்தைப் பிறர் கையில் கொடுத்தனுப்ப முடிந்தது. அந்தத் தழுவலை நேரில்தான் தர முடிந்தது. அருகில் இருப்பவரிடம் இறைவனைக் கண்டு, அவர் முகம் நோக்கி இன்சொல் கூறும் நல்லறிவை அந்தச் சொல்லின் செல்வர் நம் அனைவருக்கும் அருள்வாராக.