வாவு நாள்

கார்த்திகை தீபம் நெருங்கும்போது, எங்கள் வேங்கிக்காலில் இருக்கும் திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வெளிவரும். தீபத்தன்று மாவட்டம் முழுவதற்கும் உள்ளூர் விடுமுறை என்று முதல் வாக்கியத்தில் தாராளமாக வழங்கிவிட்டு, அதற்கு ஈடாகப் பின்னால் வரும் ஒரு சனிக்கிழமை வேலைநாள் என்று அடுத்த வாக்கியத்தில் கையை இழுத்துக்கொண்டு, இவ்விடுமுறை 1881ஆம் வருஷத்துச் செலாவணி முறிச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட்டதன்று, ஆகவே கருவூலங்களும் சார்நிலைக் கருவூலங்களும் அவசர அலுவல்களுக்காகச் சில பணியாளரோடு இயங்கும் என்று முடியும் அந்தக் காகிதத்தை அடித்துக் கொடுக்கிறவர்களில் நானும் ஒருவன். ஊருக்கெல்லாம் விடுமுறை எழுதித் தருகிற எங்களுக்கு அன்று விடுமுறை கிடையாது. தீபம் பார்க்க வரும் லட்சக்கணக்கான ஜனங்களை உத்தேசித்து ஆளுக்கோர் இடத்தில் விசேஷப் பணி போட்டுவிடுவார்கள். மாலை ஆறு மணிக்கு, 2,668 அடி உயரத்து மலையுச்சியில் ஜோதி எழும் வேளையில், தற்காலிகப் பேருந்து நிலையத்துத் தகரக் கொட்டகையில் நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொள்வது என் வழக்கம்.

விடுமுறையை வட்டியில்லாக் கடன் என்றே பார்த்துப் பழகிவிட்ட என் புத்திக்கு, உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் சொல்லும் ஒரு செய்தி மிகவும் இதமாக இருந்தது. பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிரதமை, அஷ்டமி, பௌர்ணமி, அமாவாசை ஆகிய திதிகளில் பாடம் இல்லை. அந்த நாட்களுக்கு வாவு என்று பெயர். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் உரிய உவா என்னும் பழஞ்சொல்லே அப்படி மருவிற்று. இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் அமாவாசையன்று கரண்டியைத் தொடாத கொத்தனார்கள் உண்டு. சந்திரன் கொடுத்த அந்த விடுமுறை, பிள்ளைக்கும் வாத்தியாருக்கும் ஒரே சமயத்தில் வந்தது. அதை ஈடுசெய்யும்படி ஒருவரும் சனிக்கிழமையைக் கேட்கவில்லை. (அடுப்படிக்கு மட்டும் அன்றும் வாவு இல்லையே என்று இதைப் படித்தால் என் மனைவி கேட்பாள். கேட்க வேண்டியதுதான்.)

இந்த விஷயம் என் மனத்தில் இத்தனை தூரம் ஊறியதற்கு ஒரு காரணம் உண்டு. திருவண்ணாமலையில் ஒரே வகுப்பில் படித்த சிநேகிதர்கள் நாங்கள் நால்வர். ஒருவன் சென்னையில் வங்கி உத்தியோகஸ்தன். வங்கி விடுமுறைகளுக்கு ஆதாரமான அந்த 1881 சட்டம் அவனைத் தாய்போல் பராமரிக்கிறது. இன்னொருவன் அதே நகரத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அவனுக்குச் சனியும் ஞாயிறும் சொந்தம். மூன்றாமவன் நான். நான்காமவன் அரசுப் பேருந்தில் நடத்துநர்.

சில வருஷங்களுக்கு முன், காணும் பொங்கலைச் சென்னையில் கொண்டாடுவது என்று தீர்மானம் செய்து, அதிகாலையில் புறப்பட்டுப் போனேன். அதே அதிகாலையில் எங்கள் ஊர் அண்ணாமலையாரும் வெளியே புறப்பட்டிருந்தார் என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. மாட்டுப் பொங்கல் மாலையில் திருவூடலாகி, அம்மன் முன்னதாகக் கோயிலுக்குள் போய்விட, இரவைக் குமரக்கோயிலில் கழித்துவிட்டு, மறுநாள் தனியே மலையைச் சுற்றுகிறவர் அவர். பதினான்கு கிலோமீட்டரும் ஜனங்களுக்குத் தரிசனம் தந்தாக வேண்டும். ஆகையால் அவருக்கும் அது விடுமுறை என்று சொல்வதற்கில்லை.

மெரினாவில் கடலைப் பார்த்தோம் என்பதைவிட, கடலுக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த தலைகளைப் பார்த்தோம் என்பதே பொருந்தும். தண்ணீரில் யாரும் இறங்காதபடி தடுப்புக் கட்டியிருந்தார்கள். குழந்தைகள் காணாமற்போனால் கண்டுபிடிப்பதற்காக, பெற்றோரின் கைபேசி எண் எழுதிய பட்டையை ஒவ்வொரு பிஞ்சுக் கையிலும் போலீஸார் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுண்டல் தின்றோம்; படம் எடுத்துக்கொண்டோம்; பொழுது போயிற்று. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரவு ஊர் திரும்பிய சிறப்புப் பேருந்தில், முன்பே பேசி வைத்திருந்தபடி, நான்காமவன்தான் நடத்துநர். நெரிசலில் பக்கவாட்டாக நுழைந்து என் இருக்கைக்கு வந்தவன், எச்சில் தொட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, “பீச் எப்படிடா இருந்தது?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. “உங்களுக்கெல்லாம் காலண்டரில் சிவப்பு. எனக்கு அன்றைக்குத்தாண்டா கலெக்‌ஷன்” என்று சிரித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டான். செங்கல்பட்டு தாண்டியும் அவன் உட்காரவில்லை. நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடுத்த மாதம் அவனுடைய வார ஓய்வு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மற்ற மூவரும் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அவனை அழைத்துக்கொண்டு சாத்தனூர் அணைக்குப் போனோம். தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் கட்டி முடிக்கப்பட்ட, 119 அடித் தண்ணீர் கொள்ளும் அந்த அணை, காணும் பொங்கலன்று கால் வைக்க இடமில்லாமல் இருக்கும். செவ்வாய்க்கிழமையோ, முதலைகளைப் பார்ப்பதற்குக்கூட ஆளில்லை. வறுத்த மீன் விற்கும் அம்மாள், எங்களைக் கண்ட பிறகுதான் எண்ணெயை அடுப்பில் ஏற்றினாள்; மிளகாய்த்தூள் பூசி வைத்திருந்த ஜிலேபிக் கெண்டையில் நாலைப் போட்டுக் கொடுத்துவிட்டு, வியாபாரம் இல்லாததால் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் மகளுக்கு வரன் பார்க்கும் கதையைச் சொன்னாள். சாப்பிட்டு முடித்ததும் நடத்துநர் ஒரு வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தான். இரண்டு மணி நேரம் அசையவில்லை. நாங்கள் மூவரும் அவனைச் சுற்றி உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பழைய வாத்தியார்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். வெயில் நகர நகர, அவன் முகத்தில் விழாமல் வங்கிக்காரன் தன் சட்டைப்பையிலிருந்த செய்தித்தாளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

நான் போன உல்லாசப் பிரயாணங்களில் அதுவே சிறந்தது என்பது என் அபிப்பிராயம். மெரினாவைவிடச் சாத்தனூர் உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே பூங்காவில் பல விளையாட்டுச் சாமான்கள் உடைந்து கிடந்தன. நால்வருக்கும் ஒரே நாள் வாவு ஆயிற்று, அவ்வளவுதான். அந்த நாளைச் சந்திரனும் கொடுக்கவில்லை, சர்க்காரும் கொடுக்கவில்லை. நாங்களே ஒருவனுக்காகக் காலண்டரில் குறித்துக்கொண்டோம்.

இந்த மாதம் அவனுக்கு ஓய்வு ஒரு புதன்கிழமை விழுகிறது. கம்பெனிக்காரனுக்கு மட்டும் இன்னும் அனுமதி வரவில்லை. மற்ற இருவரும் விடுப்பு எழுதிக் கொடுத்தாயிற்று.