மண் வண்டியும் பொன் வண்டியும்

வடமொழி நாடகங்களுள் ஒன்றிற்கு ஒரு விளையாட்டுப் பொருளே பெயராக அமைந்துள்ளது. சூத்ரகர் இயற்றிய 'மிருச்சகடிகம்' என்பதற்குச் 'சிறிய மண் வண்டி' என்று பொருள். பத்து அங்கங்கள் கொண்ட அந்நாடகம் உஜ்ஜயினி நகரில் நிகழ்கிறது. கொடுத்துக் கொடுத்தே வறியவரான சாருதத்தரின் மகன் ரோகசேனன், பக்கத்து வீட்டுச் சிறுவனின் பொன் வண்டியை வைத்து விளையாடினான். அச்சிறுவன் தன் வண்டியை எடுத்துச் சென்றுவிட்டான். பணிப்பெண் ரதனிகை மண்ணால் ஒரு வண்டி செய்து கொடுத்தாள். குழந்தையின் மனம் அதில் செல்லவில்லை. பொன் வண்டிதான் வேண்டும் என்று அழுதது.

அப்போது அவ்வீட்டிலிருந்த வசந்தசேனை அந்த அழுகையைக் கண்டு மனம் கரைந்தாள். தன் நகைகளைக் கழற்றி மண் வண்டி நிறைய இட்டு, அவற்றைக் கொண்டு பொன் வண்டி செய்துகொள்ளுமாறு கூறினாள். அன்பு ததும்பும் காட்சி அது. ஆனால் கதை அத்துடன் நின்றுவிடவில்லை. நகைகளைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி சாருதத்தர் தம் நண்பர் மைத்ரேயரிடம் ஒப்படைத்தார். இதற்கிடையில், நகைகளுக்காக வசந்தசேனையைக் கொன்றார் என்ற பொய்ப்பழி சாருதத்தர்மீது சுமத்தப்பட்டது. வழக்கு மன்றத்திற்கு வந்த மைத்ரேயரிடமிருந்து அந்நகைகள் எல்லோர் முன்னிலையிலும் கீழே விழுந்தன. அவையே சான்றாகி, குற்றமற்ற அவரைக் கொலைக்களம் வரை இட்டுச் சென்றன. இறுதியில் வசந்தசேனை உயிருடன் வந்து நின்றதால்தான் அவர் பிழைத்தார்.

இதனால் இரக்கம் பிழை என்று ஆகிவிடாது. குழந்தையின் கண்ணீரைத் துடைக்கும் வேகத்தில் கொடுக்கப்படும் பொருளுக்கும் பின்விளைவு உண்டு என்பதையே இக்கதை நினைவூட்டுகிறது. இரக்கத்துடன் விவேகமும் சேர வேண்டும்.

இன்றைய பொன் வண்டி

அன்று உஜ்ஜயினித் தெருவில் எழுந்த அழுகை இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கேட்கிறது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, எதிர்வீட்டுத் தோழியிடம் உள்ள விலையுயர்ந்த பொம்மையைக் கேட்கிறாள் என்று கொள்வோம். மெல்லிய இடையும் பளபளக்கும் உடைகளும் கொண்ட அப்பொம்மை, அதற்கென ஒரு சிறு மாளிகையுடன் விற்கப்படுகிறது. அதன் விலை வீட்டின் ஒரு மாதப் பால், காய்கறிச் செலவுக்கு ஈடானது. தாய்க்கு அப்பொம்மை சிறிதும் பிடிக்கவில்லை. அழகு என்றால் உடல்தான் என்று அது குழந்தைக்குக் கற்பித்துவிடுமோ என்று அவள் அஞ்சுகிறாள். மகளின் முகம் வாடுவதைக் காணத் தந்தைக்கு மனமில்லை. வாங்குவதா, மறுப்பதா?

சிறிய செய்தி என்று இதை ஒதுக்கிவிட இயலாது. அன்பு என்பது என்ன, பொருள் என்பது எதற்கு என்னும் பாடங்களை, பெரியோர் இத்தகைய வேளைகளில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பார்த்தே குழந்தைகள் கற்கின்றனர்.

வெறுப்பா, விவேகமா?

முதலில் ஆராய வேண்டியது பெரியோரின் மனத்தையே. ஒவ்வொரு புலனுக்கும் உரிய பொருளில் விருப்பும் வெறுப்பும் அமர்ந்திருக்கின்றன, அவற்றின் வசப்படலாகாது என்று கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் எச்சரிக்கிறார். விருப்பத்தைக் குறித்து எச்சரிக்கையாக இருக்கும் பலர், வெறுப்பும் அதே போன்ற தளை என்பதை மறந்துவிடுகின்றனர். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதையே 'இது தீயது' என்று மனம் மாற்றிச் சொல்லிக்கொள்ளும்.

ஆகவே தீங்கு வேறு, சுவை வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பொம்மையில் கூரிய முனைகளோ, குழந்தை விழுங்கிவிடக்கூடிய சிறு பாகங்களோ இருப்பின் அது தீங்கு. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. முத்திரையற்ற பொம்மையை மறுப்பதற்கு வேறு காரணம் தேவையில்லை. பிறரைத் துன்புறுத்துவதையே இன்பமாகக் காட்டும் விளையாட்டையும் தயங்காமல் மறுக்கலாம்.

அத்தாயின் அச்சமும் அடியோடு ஆதாரமற்றதன்று. 1959-இல் அமெரிக்காவில் அறிமுகமான பார்பி பொம்மையின் உடலமைப்பு இயல்புக்கு மாறானது என்ற குறை நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. 2016-இல் அதன் தயாரிப்பாளர்களே வேறு மூன்று உடலமைப்புகளிலும் அதை வெளியிட்டனர். எனினும் ஒரு பொம்மை தனியே ஒரு குழந்தையின் மனத்தை உருவாக்கிவிடுவதில்லை. நாள்தோறும் கண்ணாடி முன் நின்று தன் நிறத்தையும் பருமனையும் குறைகூறும் பெரியவரின் சொல், பொம்மையைவிட ஆழமாகப் பதியும். தாயின் கருத்து அப்பொம்மையைவிட வலிமையானது என்பதை உணர்ந்தால் அவளது அச்சம் பாதி குறைந்துவிடும்.

யாருடைய ஆசை?

அடுத்து, இது யாருடைய ஆசை என்று பார்க்க வேண்டும். மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் துரோணர் தம் வறுமைக் காலத்தைக் கூறும் இடம் உள்ளது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பால் அருந்துவதைக் கண்டு சிறுவன் அசுவத்தாமன் அழுதான். தந்தையால் ஒரு பசுவைப் பெற இயலவில்லை. மற்றச் சிறுவர்கள் மாவைக் கரைத்துக் கொடுத்த நீரை அருந்திவிட்டு, பால் குடித்துவிட்டேன் என்று அவன் மகிழ்ந்து ஆடினான். குழந்தையின் துயரம் அங்கேயே தீர்ந்துவிட்டது. தந்தையின் துயரம் தீரவில்லை. ஊரார் நகைத்த நகைப்பு அவரைத் துருபதனிடம் செல்ல வைத்தது. அங்கே நேர்ந்த அவமதிப்பு பகையாக மூண்டு, குருக்ஷேத்திரம் வரை தொடர்ந்தது.

இன்றும் பல வீடுகளில் பொம்மை வாங்கப்படுவது குழந்தையின் ஆசைக்காக அன்று. எதிர்வீட்டார் முன் தாழ்ந்துவிடக்கூடாது என்ற பெரியோரின் மானத்திற்காகவே. சில வீடுகளில் அது மறுக்கப்படுவதும் அப்படித்தான். 'எங்கள் பிள்ளைகள் இத்தகையவற்றைத் தொடுவதில்லை' என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை ஒளிந்திருக்கிறது. இரண்டிலும் குழந்தை மறக்கப்பட்டுவிடுகிறது. தவணைக் கடன் பெற்று வாங்க எண்ணும் தந்தை, கடன் யாருடைய மகிழ்ச்சிக்காக என்று ஒருமுறை தம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

கொடுக்கும் முறை

தீங்கு இல்லை, வசதிக்குள் அடங்குகிறது, குழந்தையின் ஆசையும் சில வாரங்கள் கடந்தும் மாறவில்லை என்றால், பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் மறுப்பதற்குப் போதிய காரணமாகாது. அழுகிறது என்பது மட்டும் வாங்குவதற்குப் போதிய காரணமாகாது என்பதும் அவ்வளவே உண்மை.

வாங்குவது என்று முடிவானால், முழு மனத்துடன் கொடுக்க வேண்டும். மனம் நொந்து கொடுக்கும் தானம் ராஜஸமானது என்று கீதையின் பதினேழாம் அத்தியாயம் வகுக்கிறது. தைத்திரீய உபநிஷதமோ கொடுப்பதைச் சிரத்தையுடன் கொடுக்கச் சொல்கிறது. இவ்விடத்தில் மிருச்சகடிகத்தின் நுட்பமான ஒரு செய்தியை எண்ணிப் பார்க்க வேண்டும். வசந்தசேனை கண்ணீருடன் நகைகளை நீட்டியபோது, அழுபவளிடமிருந்து பெற்றுக்கொள்ள ரோகசேனன் மறுத்துவிட்டான். அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்ட பிறகே வாங்கிக்கொண்டான். பொன்னுக்காக ஏங்கிய குழந்தைகூட, வருந்தும் கையிலிருந்து பொன்னை ஏற்கவில்லை. 'எவ்வளவு பணம் தெரியுமா?' என்று நாள்தோறும் சொல்லிக் காட்டப்படும் பொம்மை, குழந்தையின் கையில் பாரமாகவே இருக்கும்.

மறுப்பது என்று முடிவானால், உண்மையைக் கூற வேண்டும். 'கடையில் தீர்ந்துவிட்டது' என்ற பொய், பொம்மையால் வரக்கூடிய தீமையைவிடப் பெரிய தீமை. 'இந்தப் பணம் பாட்டியின் மருந்துக்கு வேண்டும்' என்று கூறினால் எட்டு வயதுக் குழந்தைக்கு அது புரியும். குழந்தை விரும்பிய பொருளை இகழ்ந்து பேசவும் கூடாது. இகழப்படுவது பொருளன்று, அதை விரும்பிய உள்ளம்.

மாற்றுப் பொருள் கொடுப்பதிலும் கவனம் தேவை. கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் அரக்குச் சாயமேற்றிக் கடையப்படும் மரப்பொம்மைகளும், ஆந்திரத்தின் கொண்டபல்லிப் பொம்மைகளும் பாரதத்தின் அழகிய கைவினைகள். அவற்றைத் தனிப் பரிசாக மகிழ்ச்சியுடன் அளிக்கலாம். 'அதற்குப் பதிலாக இது' என்று திணித்தால், அவை ரதனிகையின் மண் வண்டியாகிவிடும். மண் வண்டியில் குறை ஏதும் இல்லை. பொன் வண்டியின் இடத்தில் அது வைக்கப்பட்டதே குறை.

பொம்மைக்கு அப்பால்

ஸ்ரீராமகிருஷ்ணர் ஓர் உவமை கூறுவார். தாய் குழந்தையிடம் பொம்மையைக் கொடுத்துவிட்டு அடுக்களை வேலையைக் கவனிக்கிறாள். குழந்தை பொம்மையில் மூழ்கியிருக்கும்வரை அவள் வருவதில்லை. அது பொம்மையை வீசி எறிந்துவிட்டு அம்மாவுக்காகக் கதறும்போது, அடுப்பிலுள்ள பானையை இறக்கி வைத்துவிட்டு ஓடோடி வந்து தூக்கிக்கொள்கிறாள். இறைவனுக்காக ஏங்கும் ஜீவனைக் குறித்த உவமை இது. இல்லறத்தாருக்கு இதில் மற்றொரு பொருளும் உண்டு. பொம்மை எவ்வளவு உயர்ந்ததாயினும் அது தாய் வரும்வரைதான்.

ஆதலால் பொம்மை வாங்கப்பட்டாலும் மறுக்கப்பட்டாலும், அன்று மாலை அரைமணி நேரம் தரையில் அமர்ந்து குழந்தையுடன் விளையாடும் கடமை பெற்றோருக்கு மீதியிருக்கிறது. வாங்கப்பட்டிருந்தால், தாய்க்குப் பிடிக்காத அப்பொம்மை அவள் மடியருகே மருத்துவராகலாம், ஆசிரியையாகலாம், ஏழைத் தோழிக்கு உணவு பரிமாறலாம். வாங்கப்படாவிட்டால், பழந்துணியில் ஒரு பொம்மை தைக்கத் தாயும் மகளும் சேர்ந்து அமரலாம். அந்த அரைமணி நேரம் எல்லா வீட்டாராலும் கொடுக்கக்கூடியது.