என்ன ஆளு?



போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். நம் சபைச் சகோதரி ஒருவர் போனைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார்கள். "பாஸ்டர், தூத்துக்குடியிலே ஒரு பையனை வெட்டிப்போட்டாங்களாம். எம் மவன் தங்கியிருக்கிற தெருவுக்குப் பக்கத்திலேதானாம்" என்றார்கள். அப்போது என் வாயிலிருந்து முதலாவது புறப்பட்டது என்ன தெரியுமா? "ஐயோ" அல்ல. "நம்ம தம்பி பத்திரமா இருக்கானா?" என்பதும் அல்ல. "வெட்டுப்பட்டது என்ன ஆளு?" என்றுதான் கேட்டேன்.

அந்தச் சகோதரி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "அது தெரியலையே பாஸ்டர். இருபது வயசுதானாம்" என்றார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தக் கேள்வி பாவமா, அல்லது சும்மா விவரம் கேட்பதுதானா? மறுநாள் நம் மூப்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர், "இதிலே என்ன தப்பு பாஸ்டர்? இன்ன ஆளு செத்திருக்கான்னு தெரிஞ்சாத்தானே அடுத்த வெட்டு எந்தப் பக்கம் விழும்னு தெரியும்? பிள்ளையை ஊருக்குக் கூப்பிட்டுக்கலாமே" என்றார். பிரியமானவர்களே, இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஒரு தாய் பயந்துபோய் அப்படிக் கேட்டால் அவளை யார் குற்றஞ்சாட்டுவான்? ஆனால் என் பிள்ளை அங்கே இல்லையே! நான் பயந்து கேட்கவில்லை. எவ்வளவு துக்கப்படலாம் என்று எடை போட்டுப் பார்ப்பதற்காகக் கேட்டேன். அதுதான் உண்மை.

தூத்துக்குடி வேகமாய் வளருகிற பட்டணம். 1974ல் பெரிய துறைமுகமானது, 2008ல் மாநகராட்சியானது. 2025 ஜூலையில் விமான நிலையத்தின் புதிய முனையமும், அடுத்த மாதமே வின்பாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலையும் திறக்கப்பட்டன. 2024 ஆகஸ்டிலிருந்து பாலருவி எக்ஸ்பிரஸ் அதுவரை ஓடுகிறது. செங்கோட்டையில் ஏறுகிற நம் பிள்ளைகள் நேரே அங்கே போய் இறங்குகிறார்கள். கொலைச் செய்தி வந்தால் நாம், "பட்டணம் பெருத்துப் போச்சு, பணம் பெருத்துப் போச்சு, அதான்" என்கிறோம். புளியறையில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது நமக்குச் சௌகரியமாயிருக்கிறது.

பணம் காரணமேயில்லை என்று சொல்லவில்லை. 2023 ஏப்ரல் 25ல் முறப்பநாட்டில் கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸை அவருடைய ஆபீசிலேயே வெட்டினார்களே, அது தாமிரபரணி மணலுக்காக. ஆனாலும் 2022ம் வருஷத்துத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். இந்தியா முழுவதும் 28,522 கொலை வழக்குகள். அதிலே ஆதாயத்துக்காக என்று எழுதப்பட்டவை 1,884. சொந்தப் பகை, பழி என்று 3,761. தகராறுகளினால் 9,962. திருடனுடைய கைக்குத் தப்புகிற மனுஷன், தெரிந்தவனுடைய கைக்குத் தப்புகிறதில்லை.

நம் பக்கத்திலே அந்தப் பகைக்கு ஜாதி என்று ஒரு பேர் இருக்கிறது. 1986ல் வ.உ.சிதம்பரனார் பேரில் உண்டான மாவட்டத்துக்கு, தென்மாவட்டக் கலவரங்களுக்குப் பிறகு 1997ல் தூத்துக்குடி என்று பேர் மாற்றினார்கள். எல்லா மாவட்டங்களிலும் தலைவர்கள் பேரை எடுத்தார்கள். போர்டு மாறியது, கேள்வி மாறவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூடப் பையன்கள், கூடப்படித்தவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைத்த நீதிபதி சந்துருவின் குழு, மாணவர்கள் கையில் கலர்க் கயிறு கட்டக்கூடாது என்று 2024ல் சிபாரிசு செய்தது. 2024 டிசம்பர் 20ல் திருநெல்வேலி நீதிமன்ற வாசலிலேயே, வழக்குக்கு வந்த வாலிபனைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். முந்தின ஒரு கொலைக்குப் பழி என்று செய்தி வந்தது. அந்த முந்தின கொலை நடந்த அன்று, எத்தனை டீக்கடையில் எத்தனை பேர் "என்ன ஆளு?" என்று கேட்டிருப்பார்கள்! எண்ணிக்கை வைக்கிறவர்கள் இருக்கிறபடியால்தானே எண்ணிக்கையைச் சரிக்கட்ட ஒருவன் அரிவாளோடு புறப்படுகிறான்?

உபாகமம் 21ம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். வெளியிலே ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான், கொன்றவன் யாரென்று தெரியாது. அப்போது மூப்பர்கள் வந்து, பிணம் கிடக்கிற இடத்திலிருந்து சுற்றியிருக்கும் பட்டணங்கள் மட்டும் தூரத்தை அளக்கவேண்டும். கிட்டத்திலிருக்கிற பட்டணத்தின் மூப்பர்கள் கை கழுவி, அந்த இரத்தப்பழிக்காக மன்றாடவேண்டும். எத்தனையோ தரம் வாசித்த பகுதிதான். கிடக்கிறவன் எந்தக் கோத்திரம் என்று விசாரிக்கும்படி அங்கே ஒரு வார்த்தைகூட இல்லை என்பது இந்தத் தரம்தான் என் கண்ணில் பட்டது. அவன் யாராயிருந்தாலும் கிட்டத்து ஊரார் பதில் சொல்லவேண்டும்.

புளியறையிலிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய 120 கிலோமீட்டர். அளந்தால் நாம் கிட்டத்து ஊர் அல்லதான். ஆனால் நம் சபையிலே வரன் பார்க்கும்போது, இரட்சிக்கப்பட்ட குடும்பமா என்று கேட்கிறதற்கு முன்னே எதைக் கேட்கிறோம்? இதை எழுதும்போது சிலருக்கு என்மேல் வருத்தம் வரும் என்று தெரியும். என் வீட்டிலும் அப்படித்தான் கேட்டோம்.

மறு வாரம் அந்தச் சகோதரியின் மகனுக்குப் போன் போட்டேன். "தம்பி, அந்தப் பையனை உனக்குத் தெரியுமாப்பா?" என்றேன். "தெரியும் பாஸ்டர். நாங்க டீ குடிக்கிற கடைக்குத்தான் அவனும் வருவான். கடனுக்குக் குடிப்பான்" என்றான். அவன் அம்மா பேரென்ன என்று கேட்டேன். அது தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். வெள்ளிக்கிழமை ஜெபக்குறிப்பிலே அந்த இடத்தைக் காலியாக விட்டு எழுதி வைத்திருக்கிறேன்.