முகமும் பெயரும்

ஒருவனுடைய முகத்தை வெண்கலத்தில் வார்த்து வைப்பது அவனுக்குச் செய்யும் பெருஞ்சிறப்பு என்று உலகம் கருதுகின்றது. முகம் நிலைத்து நிற்கப் பெயர் மறைந்து போமாயின், அச்சிறப்பு யாரைச் சாரும்? இது சிற்பக் கலையைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. மனிதன் மனிதனை எங்ஙனம் நோக்குதல் வேண்டும் என்னும் அறத்தைப் பற்றிய கேள்வியுமாகும்.

பிரெஞ்சுச் சிற்பி ரோதானிடம் மாணவியாகவும் துணைத் தொழிலாளியாகவும் இருந்தவர் கமீல் குளோதெல். அவர் தம் ஆசிரியரின் மார்பளவுச் சிலையை வடித்தார். அதன் வெண்கல வார்ப்பு 1892-இல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பெற்றது. நீண்ட தாடியும் கனத்த நெற்றியும் கொண்ட அம்முகத்தில் முகமன் இல்லை. கையால் உழைப்பவர் ஒருவரைக் கையால் உழைக்கும் இன்னொருவர் கண்ட காட்சியே அது. அதன் பெயர் இன்றும் ‘ரோதான்’ என்பதே.

ரோதானும் கமீலின் முகத்தைச் செதுக்கினார். வெட்டாத சலவைக்கல்லின்மீது தலை மட்டும் எழுந்து நிற்கும் அச்சிலைக்கு அவர் இட்ட பெயர் ‘சிந்தனை’. முகம் கமீலுடையது, பெயர் அவருடையதன்று! 1913-இல் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்ட அவ்வம்மையார் முப்பது ஆண்டுகள் அங்கேயே கழித்து 1943-இல் மாண்டார். அவர் பெயரால் பிரான்சில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது 2017-இல்தான்.

ஒரே தொழில் செய்த இருவரிடையே இந்நிலையாயின், ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் இடையே எந்நிலை இருந்திருக்கும்? அதற்கும் சான்று உண்டு. நமது சிங்கப்பூரிலேயே உண்டு.

பாடாங் திடலின் எதிரே 1929-இல் கட்டி முடிந்த நகராட்சிக் கட்டடம் 2015 முதல் தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதியாக விளங்குகின்றது. அக்கட்டடத்திற்காக 1930-களின் தொடக்கத்தில், லாட்வியாவிற் பிறந்து அக்காலை மலாயாவில் வாழ்ந்த டோரா கோர்டைன் என்னும் சிற்பி வெண்கலத் தலைகளைச் செய்தளித்தார். இந்நாட்டு இனங்களைக் குறிப்பதே அவற்றின் நோக்கம். கைத்திறனில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் அம்முகங்கள் இனத்திற்காக நின்றன; ஆளுக்காக நிற்கவில்லை. அவர் செய்த வேறு சில தலைகளின் பெயர்களும் ‘மங்கோலியத் தலை’, ‘சாவகத் தலை’ என்றே அமைந்தன. அவரே பின்னர் இங்கிலாந்தில் நடிகை ஈடித் எவான்சின் தலையை வடித்தபோது, அதற்கு ‘ஆங்கிலத் தலை’ என்று பெயரிடவில்லை. நடிகையின் பெயரையே இட்டார்.

அக்காலத்தில் இந்நகராட்சியின் சாலைகளில் உழைத்த தொழிலாளருள் தமிழர் மிகப் பலர். மலாயாத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியோரும் நம்மவரே. பெயர்ப்பட்டியலில் ஒவ்வொருவர்க்கும் ஒரு பெயர் இருந்தது. ஆயினும் துரைமார் வாயில் அனைவரும் ‘கூலி’யே. வெண்கலத்தில் இனப்பெயர், வெயிலில் கூலிப்பெயர்: இரண்டிலும் அழிந்தது தாய் இட்ட பெயரே.

“சுவாமிமலைத் தபதிகளும் தாம் வார்த்த திருவுருவங்களில் தம் பெயரைப் பொறிப்பதில்லையே, பெயரின்மை அடக்கமன்றோ?” என்று சிலர் வினவலாம். நன்று. தன் பெயரைத் தானே மறைத்துக்கொள்வது அடக்கம். பிறன் பெயரைக் கேளாது விடுவது அலட்சியம். முன்னதைப் போற்றுவோம், பின்னதற்கு முன்னதன் ஆடையை உடுத்துதல் தகாது.

பிறரைக் குறை கூறி நாம் தப்பிவிடுதலும் முறையன்று. ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலையில் கூடும் வெளிநாட்டுத் தொழிலாளரை நாம் எப்பெயரால் அழைக்கின்றோம்? நம் வீடுகளை அவர்கள் கட்டுகின்றனர். நம் தெருக்களை அவர்கள் துப்புரவு செய்கின்றனர். ‘வங்காளத்தான்’, ‘ஊரான்’ என்பவை அவர்தம் பெயர்களா? சாதிப் பெயரால் ஒருவனைக் கூப்பிடுதல் இழிவென்று முழங்கிய நாவு, நாட்டுப் பெயரால் கூப்பிடுவதற்குக் கூசவேண்டாமா?

கலைஞன் தன் தோழனாகிய கலைஞனை வடிக்கும்போது அவன் கையின் உழைப்பை அறிந்து, பெயரறிந்து வடிக்கின்றான். அவ்வறிவு கலைஞர்க்கு மட்டும் உரிய உடைமையன்று. வெண்கலம் வார்க்க நம்மிடம் பொருளில்லை. பெயர் கேட்கப் பொருள் வேண்டுவதில்லை. நாளைக் காலை நும் வாயிலைப் பெருக்க வருபவரிடம் பெயரைக் கேளுங்கள். மறுநாள் அப்பெயரால் அழையுங்கள்.