உழைத்துத் தேய்ந்தவர்களின் உரிமை

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

 

மதீனாவில் உமர் (ரலி) அவர்கள் மக்களுக்கு உணவளித்துக்கொண்டிருந்தபோது, ஒருவர் இடது கையால் சாப்பிடுவதைக் கண்டார்கள். வலது கையால் உண்ணச் சொன்னார்கள். அந்தக் கைக்கு வேறு வேலை இருக்கிறது என்றார் அவர். விசாரித்தபோதுதான், ஹிஜ்ரி 8ல் நடந்த மூத்தா போரில் அந்தக் கை போய்விட்டது என்று தெரிந்தது. உமர் (ரலி) அவர்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள். உங்களுக்கு ஒளூ செய்துவிடுவது யார், துணி துவைத்துத் தருவது யார் என்று கேட்டார்கள். பணியாள், வாகனம், உணவு எல்லாவற்றுக்கும் உத்தரவிட்டார்கள் என்று அறிவிப்பில் வருகிறது.

கவனியுங்கள்! அவர் கேட்டு வரவில்லை. கலீஃபாதான் கேட்டார்கள்.

இதைப் பிற்காலத்து இங்கிலாந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்பெயினோடு நடந்த போரில் ஊனமுற்ற சிப்பாய்களும் மாலுமிகளும் தெருவில் பிச்சை எடுத்தார்கள். 1593ல் ராணி எலிசபெத் காலத்து பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு சர்ச் வட்டாரமும், நம் மஹல்லா மாதிரி, வாராவாரம் பணம் வசூலித்துத் தர வேண்டும். அதிலிருந்து சாதாரண சிப்பாய்க்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 10 பவுண்டு. நல்ல காரியம்தான், நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் நடைமுறை எப்படி இருந்தது? படைத் தளபதியிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு, தன்னைப் படைக்குச் சேர்த்த மாவட்டத்து நீதிபதிகள் முன் போய் நிற்க வேண்டும். கால் இழந்தவர் அவ்வளவு தூரம் எப்படிப் போவார்? தளபதியே செத்துப்போயிருந்தால் கையெழுத்து போடுவது யார்? உதவித்தொகை வாங்குபவர் பிச்சை எடுத்துப் பிடிபட்டால் அந்தத் தொகையும் பறிபோகும்.

இன்னொன்றும் நடந்தது. 1642ல் அங்கே மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. பாராளுமன்றம் வென்றபோது அதன் சிப்பாய்களுக்கு உதவி கிடைத்தது. 1660ல் மன்னராட்சி திரும்பியதும் அவர்களுக்கு நிறுத்தப்பட்டு, மன்னர் பக்கம் போரிட்டவர்களுக்குத் தரப்பட்டது. ஆட்சி மாறினால் வெட்டுப்பட்ட கை முளைத்துவிடுமா?

நம் தலைவர் உமர் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? வீட்டு வாசலில் யாசித்த கண் தெரியாத முதிய யூதரைக் கண்டதும் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கச் சொன்னார்கள். இளமையில் இவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நியாயமல்ல என்பதே அவர்கள் சொன்ன காரணம். எந்தப் பக்கத்து ஆள் என்று பார்க்கவில்லை.

சகோதரர்களே! நம் மஹல்லாவைப் பாருங்கள். முப்பது வருடம் மூட்டை சுமந்து முதுகு ஒடிந்தவர், வெளிநாட்டில் கட்டடத்திலிருந்து விழுந்து ஊர் திரும்பியவர், கண்பார்வை மங்கிய பழைய முஅத்தின்! இவர்களிடம் நாம் என்ன கேட்கிறோம்? ரேஷன் கார்டு நகல், இரண்டு பேர் கையெழுத்து, நிர்வாகியைப் பார்க்க நான்கு நடை. விசாரிப்பது தேவைதான், ஜகாத் அமானிதம். ஆனால் விசாரிக்கும் நடை நம்முடையதாக இருக்கட்டும், அவருடையதாக வேண்டாம்.

சூரத்துல் பகராவின் 273ஆம் வசனம் யாரைப் பற்றிப் பேசுகிறது? அல்லாஹ்வின் பாதையில் முடங்கி, சம்பாதிக்க முடியாமல், வற்புறுத்திக் கேட்காத ஏழைகளைப் பற்றி. விவரம் தெரியாதவர் அவர்களை வசதியானவர்கள் என்றே நினைப்பார். கேட்காதவரைத் தேடிப் போவதுதான் நம் வேலை.

இன்று தொழுகை முடிந்ததும், உங்கள் தெருவில் பள்ளிக்கு வர முடியாமல் படுத்திருக்கும் ஒருவர் வீட்டுக்குப் போங்கள். உமர் (ரலி) அவர்கள் கேட்டதைக் கேளுங்கள்: உங்களுக்கு ஒளூ செய்துவிட யார் இருக்கிறார்கள்?

வல்ல ரஹ்மான் நம் முதியோருக்கு ஆஃபியத்தையும், நமக்கு அவர்களின் ஹக்கை நிறைவேற்றும் தவ்ஃபீக்கையும் தந்தருள்வானாக! ஆமீன்.